நிற்காமல் ஒரு நீளம்

நீச்சல் அணியின் சேர்க்கைப் படிவத்தில் பதினான்கு கேள்விகள் இருந்தன. லிஃப்ட் மெக்கானிக் பதின்மூன்றுக்கு உண்மையை எழுதினார்.

மீதி இருந்தது பதினோராவது கேள்வி. ‘உங்கள் பிள்ளை குளத்தின் ஒரு நீளத்தை நிற்காமல், எதையும் பிடிக்காமல் நீந்துமா?’ மகனுடைய படிவத்தில் யோசிக்காமல் ‘ஆம்’ கட்டத்தில் டிக் அடித்தார். பன்னிரண்டு வயதுப் பையன். ஒரு நீளம் என்ன, இருபது நீளம் போட்டுவிட்டு வந்து பசிக்கிறது என்பான். மகளுடைய படிவத்தில் அதே கட்டத்தின் மேல் பேனா கொஞ்ச நேரம் நின்றது. ஏழு வயது. ஆழமில்லாத பக்கத்தில் அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு கும்மாளம் போடுவாள். தலையை உள்ளே விட்டு மூச்சுப் பிடிப்பாள். நான்கைந்து கை வீசியும் பார்த்திருக்கிறார். மிச்சத்தை அங்கே போய்க் கற்றுக்கொள்ள மாட்டாளா என்ன? அங்கேயும் ‘ஆம்’ என்றே டிக் அடித்தார்.

இத்தனைக்கும் வேலையில் அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஒரு லிஃப்டின் பரிசோதனைத் தாளில் கையெழுத்துப் போடுமுன் மேலே ஏறி, கம்பிவடத்தைத் தன் கண்ணால் பார்த்து, பிரேக்கை மூன்று தடவை சோதிப்பார். போன மாதம்தானே பார்த்தீர்கள், கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள் என்று கட்டட மேலாளர்கள் நச்சரித்தாலும் மசியமாட்டார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு ‘பூதக்கண்ணாடி’ என்று பேர் வைத்திருந்தார்கள்.

வீட்டு நிலைமை வேறு மாதிரி இருந்தது. மனைவி மருத்துவமனையில் நர்ஸ். அந்தக் கோடையில் ஆறு வாரம் தொடர்ந்து இரவுப் பணி விழுந்துவிட்டது. காலை ஏழுக்கு முன்னால் வந்து, ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டு, செருப்பைக் கழற்றினதும் கழற்றாததுமாகப் படுக்கையில் விழுவாள். வீடோ இரண்டே அறை. பள்ளிகள் விடுமுறை. மகளை அண்ணன் ‘பட்டாணி’ என்று கூப்பிடப்போய் வீட்டில் எல்லோருக்கும் அதுவே நிலைத்திருந்தது. அந்தப் பட்டாணிக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அவள் ரகசியம் சொன்னால் பக்கத்து வீட்டில் பதில் சொல்வார்கள். ஒன்பது மணிக்கு மேல் பிள்ளைகளை மெக்கானிக்கின் அக்கா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். ஆனால் ஒன்பதுக்கு முன்னால் அக்கா யாருக்கும் கதவைத் திறக்கிற ஆள் இல்லை. இடையில் இரண்டு மணி நேரம். கோடைக்கால நீச்சல் அணியின் பயிற்சி ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிந்தது. தமக்கென்றே யாரோ அளந்து தைத்த சட்டை போல அவருக்குத் தோன்றியது.

அணியின் பயிற்சியாளர் நடுவயதுப் பெண்மணி. கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கும். பிள்ளைகள் விசிலக்கா என்றார்கள். முதல் நாள் பெற்றோரைப் படிக்கட்டில் உட்காரவைத்துச் சில விஷயங்களைச் சொன்னார். இது நீச்சல் கற்றுக்கொடுக்கும் இடமல்ல, நீந்தத் தெரிந்த பிள்ளைகள் தேறும் இடம். சனிக்கிழமைகளில் வேறு குளத்துப் பிள்ளைகளோடு போட்டி நடக்கும். வீட்டுக்கு ஒருவர் ஏதாவதொரு வேலைக்கு வந்தே ஆகவேண்டும். கரையோடு ஓடிக்கொண்டு கத்தக் கூடாது. ஒரு பிள்ளை வரமாட்டேன் என்றால், ஏன் என்று கேட்டுவிட்டு மற்றதைப் பேசுங்கள். மெக்கானிக் பையிலிருந்த குறிப்பேட்டை எடுத்து, பயிற்சி நேரத்தை மட்டும் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாளே விசிலக்கா அவரைத் தனியே கூப்பிட்டார்.

“பாப்பாவுக்கு நீந்த வரலையேங்க. பத்து கைக்கு மேல போகமாட்டேங்குறா. சாயங்காலம் ஆரம்ப வகுப்பு ஒண்ணு நடக்குது, அதுல சேருங்க. அடுத்த வருஷம் நானே கூப்பிட்டுச் சேத்துக்கறேன்.”

சாயங்கால வகுப்பை வைத்துக்கொண்டு காலையில் என்ன செய்வது? புது இடம், கூச்சம், அண்ணன் கூட இருந்தால் சரியாகிவிடுவாள் என்றார். இரண்டே வாரம் பாருங்கள் என்றார். மனைவியின் இரவுப் பணியைச் சொல்லி, குரலையும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். எதிராளி தலையசைக்கும்வரை பேசுவதில் அவருக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. விசிலக்கா அரைமனதாகச் சம்மதித்து, பட்டாணியைச் சுவரோரப் பாதைக்கு மாற்றினார். மூச்சு வாங்கினால் சுவரைப் பிடித்துக்கொள்ளலாம்.

பட்டாணி அந்த இரண்டு வாரத்தில் நீச்சலைத் தவிர மற்றதெல்லாம் கற்றுக்கொண்டாள். தன் முறை வரும்போது கழிப்பறைக்குப் போவாள். நீந்தப் போட்டுக்கொள்ளும் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றுவாள். பட்டை தளர்வாக இருக்கிறதாக்கும் என்று மெக்கானிக் தன் கருவிப்பெட்டியை எடுத்துவந்து கரையில் உட்கார்ந்தே அதைச் சரிசெய்து கொடுத்தார். செய்த வேலையில் திருப்தியும் பட்டுக்கொண்டார். காலையில் வயிறு வலிக்கிறது என்று ஆரம்பித்தாள். அம்மா எழுந்துவிடுவாள் என்று அவர் உதட்டில் விரலை வைத்துக் காட்ட, அவள் அழுகையை விழுங்கிக்கொண்டு செருப்பை மாட்டுவாள்.

ஒருநாள் காரில் மகன் சொன்னான்.

“அப்பா, அவளால முடியலப்பா. நான் பக்கத்துல போனாத்தான் வர்றா.”

“நீ உன் வேலையப் பாரு. கத்துக்குவா.”

பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

முதல் போட்டி இரண்டாம் சனிக்கிழமை வந்தது. குளத்தைச் சுற்றி மடக்கு நாற்காலிகள், ஈரத் துண்டுகள், தின்பண்டப் பைகள், ஒலிபெருக்கியில் யாரோ பேர் கூப்பிடும் இரைச்சல். பிள்ளைகளின் கையில் கறுப்புப் பேனாவால் போட்டி எண்ணையும் பாதை எண்ணையும் எழுதினார்கள். மெக்கானிக்குக்குக் கிடைத்தது நேரம் எடுக்கும் வேலை: நான்காம் பாதையின் முடிவில் ஸ்டாப்வாட்சோடு நிற்க வேண்டும். பட்டாணியின் கையிலும் நான்கு என்றுதான் எழுதியிருந்தது. வந்த அணிக்கு ஒற்றைப்படைப் பாதைகள், உள்ளூர் அணிக்கு இரட்டைப்படை என்று பிரித்ததில், சுவரோரத்தில் இருந்தவள் நடுக்குளத்துக்கு வந்துவிட்டாள். அவர் அதைக் கவனித்தார். கவனிக்கவில்லை என்று பிற்பாடு அவரால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. இரண்டு பக்கமும் மிதவைக் கயிறு இருக்கிறதே என்று நினைத்தார்.

வரிசையில் நிற்கப் போகுமுன் அவள் அவரிடம் வந்தாள். அன்று அவளுடைய குரல் அதிசயமாகத் தாழ்ந்திருந்தது.

“அப்பா, நடுவுல நின்னா என்ன ஆகும்?”

“நிக்காம இருந்தா ஒண்ணும் ஆகாது” என்றார். பக்கத்தில் நின்ற இன்னொரு அப்பா சிரித்தார். மெக்கானிக்கும் சிரித்தார்.

ஆறு சிறுமிகள் தண்ணீரில் விழுந்தார்கள். மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். பட்டாணி பாதித் தூரம் வந்தபோது கை வீசுவது நின்றது. அவர் வாட்சைப் பார்த்தார்: இருபத்திரண்டு விநாடி. அவளுடைய கை கயிற்றைத் தேடியது; விரல் பட்டது, வழுக்கியது. தலை உள்ளே போனது, வந்தது, போனது. சத்தமே இல்லை. முழுகுகிறவர்கள் கத்துவார்கள் என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார். கண்ணாடியைச் சரிசெய்கிறாள், இதோ கிளம்பிவிடுவாள், கிளம்பினால் நேரம் தப்பாகிவிடக் கூடாது என்று கட்டைவிரலைப் பொத்தான்மேலேயே வைத்திருந்தார்.

கரையோர பெஞ்சிலிருந்து யாரோ குதித்தார்கள். மகன். குளத்தின் உயிர்காப்புக் காவலருக்கும் முன்னால் அவன் போய்ச் சேர்ந்து, அவளுடைய கையைத் தூக்கிக் கயிற்றின்மேல் போட்டு, முகத்தைத் தண்ணீருக்கு வெளியே பிடித்துக்கொண்டான். அடுத்த நொடி காவலர் மிதவையோடு வந்து இருவரையும் இழுத்துக்கொண்டார். வாட்சு முப்பத்தொன்று காட்டியது. ஒன்பது விநாடி. அவருடைய கால் ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்கவில்லை. அவருக்கு நீந்தத் தெரியாது, அது வேறு விஷயம். கத்தவாவது செய்திருக்கலாம்.

பட்டாணி இருமி, தண்ணீரை வாந்தியெடுத்தாள். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டபோது அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“நின்னுட்டேன்ப்பா. சாரி” என்றாள்.

விசிலக்கா திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். விசிலக்கா குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே, “நீங்க எழுதினதை நம்பினேன். கண்ணால பாத்த பிறகும் உங்க பேச்சைக் கேட்டேன். என் தப்பும்தான்” என்றார். பிறகு மூச்சு சரியாக இருக்கிறதா என்று மருத்துவமனையில் காட்டிவிடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, இரவுப் பணி தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக மனைவியை எழுப்பினார். நர்ஸுக்கு இரண்டு வார்த்தை போதுமாயிருந்தது. நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள், நகத்தின் நிறத்தைப் பார்த்தாள், அதே கசங்கின உடையோடு தான் வேலை செய்யும் மருத்துவமனைக்கே தூக்கிக்கொண்டு ஓடினாள். சாயங்காலம்வரை வைத்திருந்து, பயமில்லை என்று அனுப்பினார்கள். அதுவரை மனைவி ஒன்றும் கேட்கவில்லை. குழந்தை தூங்கினபிறகுதான் கேட்டாள். அவர் படிவத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். உன் தூக்கம் கெடக் கூடாது என்றுதான் என்று முடித்தபோது அவள் முகம் மாறியது.

“என் தலையில கட்டாதீங்க. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் முழிச்சே இருந்திருப்பேன்.”

திங்கட்கிழமை பட்டாணி போகவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மகனும் பையை எடுக்கவில்லை. விசிலக்கா இரண்டு முறை வீட்டுக்கே வந்தார். அந்த வயதுப் பிள்ளைகளில் அவனைப் போல ஒருவனைத் தான் பார்த்ததில்லை என்றார். பையன் மரியாதையாக, வேண்டாம் அக்கா என்றான். பயந்துவிட்டான், போகப்போகச் சரியாகும் என்று மெக்கானிக் விட்டுவைத்தார். விடுமுறை முடிகிற சமயம் அவன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து, மறுபடி போய்ப் பார்க்கலாமே என்றார்.

“போனேன்ப்பா, ஒருநாள், நானா. தலைய உள்ள விட்டா பக்கத்துப் பாதையைத்தான் பாக்கறேன். எத்தனை நீளம் போட்டேன்னு எண்ணவே வரல.” கொஞ்சம் காற்றடித்தான். “அன்னைக்குக் குதிக்கறதுக்கு முன்னாடி உங்களைப் பாத்தேன். நீங்க போவீங்கன்னு நெனச்சு நின்னேன். நீங்க வாட்சைப் பாத்துட்டு இருந்தீங்க.”

குற்றம் சொல்லுகிற குரலே இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வானே, அப்படிச் சொன்னான். மெக்கானிக் டயரை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த கோடையில் மெக்கானிக் தானாகவே விசிலக்காவிடம் போய், ஏதாவது வேலை கொடுங்கள் என்று நின்றார். பிள்ளைகள் அணியில் இல்லாத அப்பாவுக்கு என்ன வேலை என்று விசிலக்கா யோசித்துவிட்டு, பதிவு மேசையில் உட்காரவைத்தார். படிவத்தை வாங்குமுன் மெக்கானிக் பெற்றோரைக் கேட்பார்: ஒரு நீளம் போனதை நீங்கள் கரையில் நின்று பார்த்தீர்களா? குழந்தைக்கு இதில் வர ஆசையா, உங்களுக்கு வசதியா? சிலர் முறைத்தார்கள். அவசரத்தில் இருந்த ஓர் அம்மா, நீங்கள் என்ன போலீஸா என்று கேட்டார். அவரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னார். ஒன்பது விநாடியையும் சொன்னார். அந்த அம்மா படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மகனைக் கூட்டிக்கொண்டு குளத்தங்கரைக்குப் போனார். சொல்லச் சொல்லப் பாரம் குறையும் என்று மெக்கானிக் எண்ணியிருந்தார். குறையவில்லை, வேறு யாருக்காவது உபயோகப்பட்டது.

பட்டாணி ஒன்பது வயதில் அம்மாவோடு ஆரம்ப வகுப்பில் சேர்ந்தாள். நர்ஸ் இரவுப் பணிக்கு முந்தைய தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு வந்து, மகளோடு தானும் தண்ணீரில் இறங்கினாள். பட்டாணி இப்போது நீந்துகிறாள், நிதானமாக, தலையை வெளியே வைத்துக்கொண்டு, எப்போதும் சுவரோரமாக. போட்டி என்ற பேச்சை எடுத்தால் வேறு ஏதாவது பேச ஆரம்பித்துவிடுவாள், உரக்க.

மகனுக்குப் பதினாறு ஆனபோது, குளத்துக்குக் காவலர் வேலைக்கு ஆள் தேடுகிறார்கள், அவனை அனுப்புங்களேன் என்று விசிலக்கா சொல்லியனுப்பினார். மெக்கானிக் சாப்பாட்டு மேசையில் அதைச் சொன்னார். பையன் கேட்டுக்கொண்டான். வேண்டாம்ப்பா என்று சொல்லிவிட்டு, தட்டைக் கழுவ எழுந்து போனான்.

இரண்டாவது தடவை கேட்கலாம் என்று அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. எப்படிச் சொன்னால் சம்மதிப்பான் என்றுகூடத் தெரியும். கேட்கவில்லை. மேசையைத் துடைத்தார்.