சேட்டு வீட்டு வெள்ளைத் தரை

கிஷன்கட் மண்டியில் ஜுகல்கிஷோர் தோஷ்னிவால் சேட்டிடம் பளிங்கு வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது கிடங்கை அல்ல, அவர் வீட்டுச் சாப்பாட்டு அறையை. ஒரே பாறையில் அறுத்த பன்னிரண்டு மக்ரானா வெள்ளைக் கற்கள். ஒரு கல்லில் ஓடும் சாம்பல் ரேகை அடுத்த கல்லில் அதே இடத்திலிருந்து தொடரும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, சேட்டு அவர்களை அறை நடுவில் நிறுத்துவார்.

"ஏழு வருஷம். ஒரு கறை கிடையாது. மறுபடி பாலிஷ் கிடையாது. இதோ நிக்கிறானே யாக்கூப், பதிச்சவனே இவன்தான். கேளுங்க இவனை."

நான் தலையாட்டுவேன். ஏழு வருஷத்தில் முப்பத்தொரு தடவை அந்தத் தரையைத் தேய்த்துப் பளபளப்பாக்கியவன் நான். சேட்டு கிடங்குக்குக் கிளம்பியதும் அவர் மனைவி உம்ராவ் பாபிசாவிடமிருந்து போன் வரும். "யாக்கூப் பாய், ஊறுகாய் விழுந்துடுச்சு" என்பார் ஒரு நாள். இன்னொரு நாள் எலுமிச்சம்பழமாக இருக்கும். பளிங்கில் புளிப்பு பட்டால் அவ்வளவுதான், பட்ட இடம் பளபளப்புப் போய் மங்கிவிடும். துணியால் துடைத்தால் போகாது. பொடி போட்டுக் கம்பளிப் பட்டையால் தேய்த்து எடுக்க வேண்டும். மதியத்துக்குள் எடுத்துவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவுவேன். என் கையில் ஒரு டப்பா லட்டு இருக்கும். சேட்டு வாய்கிழியப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த லட்டுதான் ஞாபகம் வரும், சிரிப்பை அடக்கிக்கொள்வேன்.

அந்த அறையில் அவர் போட்ட சட்டங்களைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். மோர் கூடாது. ஊறுகாய் கூடாது. மஞ்சள் தூக்கலாக இருக்கக் கூடாது. மோரில் கடலைமாவு கரைத்துக் காய்ச்சும் கடீ, எங்கள் பக்கத்தில் அது இல்லாமல் மதியச் சாப்பாடே இறங்காது, அது அந்த வாசலைத் தாண்டவே கூடாது. இத்தனைக்கும் பன்னிரண்டு நாற்காலி போட்ட மேசை. அவர் முன்னால் வீட்டில் எல்லாரும் வறட்டு ரொட்டியும் வதக்கலும் சாப்பிட்டார்கள். சேட்டு தலையைக் குனிந்தபடி ஒவ்வொருவர் கைக்கும் கீழே இருக்கும் கல்லைப் பார்த்துக்கொண்டே மென்றார்.

பாபிசாவுக்குக் கடீ போனதில் கூட அவ்வளவு வருத்தமில்லை. ஒரு நாள் நான் தேய்த்துக்கொண்டிருந்தபோது நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்.

"நேத்து ராத்திரி அவர்கிட்ட என்ன காய்னு கேட்டேன். தெரியலைங்கிறார். சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவிட்டு நிக்கிறார், தெரியலைங்கிறார்! தட்டுல சுண்ணாம்பைக் குழைச்சு வெச்சாலும் தின்னுட்டுப் போயிடுவார் யாக்கூப் பாய். ஏழு வருஷமா நான் யாருக்குச் சமைக்கிறேன்? இந்தக் கல்லுக்கா?"

அந்தக் கல்லை வைத்தவனே நான்தானே. குனிந்து தேய்த்தேன்.

மருமகள் தனுஜா வந்த பிறகு தரையை மாற்றுகிற பேச்சு வெளிப்படையாகவே கிளம்பியது. ஜெய்ப்பூரில் வீட்டு வடிவமைப்பு படித்த பெண். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய தாளை மேசையில் விரித்தாள். அடுத்த அறைக் கதவுப் பூட்டைச் சரிசெய்கிற சாக்கில் நானும் அங்கே இருந்தேன்.

"பாபுசா, இந்த அறைக்குப் பாலிஷ் பண்ணின கான்கிரீட் தரை போடலாம். சாம்பல் நிறம். மேசை ஷீஷம் மரத்துல. ஒரு பக்கம் நாற்காலிக்குப் பதிலா நீளமா பெஞ்ச், நெருக்கி உட்கார்ந்தா இன்னும் நாலு பேர் சாப்பிடலாம். விளக்கைத் தாழ்வா மேசை மேல தொங்கவிடலாம். வெள்ளைத் தரையில வெளிச்சம் பட்டா கண்ணு கீழதான் போகும். சாம்பல் தரைன்னா கண்ணு தட்டுக்குப் போகும்."

சேட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "சிமெண்டா? பளிங்கு வியாபாரி வீட்டுலயா? கல்லுக்கு அடியில போடறதைக் கல்லுக்கு மேல போடச் சொல்றியா? அப்ப நாளைக்கு நான் பனியனைச் சட்டைக்கு மேல போட்டுக்கிட்டு மண்டிக்குப் போறேன். ஊரே பார்க்கட்டும்!"

"பனியனையாவது துவைச்சு எடுக்கலாம்," என்றார் பாபிசா. "ஏங்க, நாங்கதான் கை சுத்தமில்லாதவங்க. நீங்க ஒரு சொட்டு சிந்தமாட்டீங்க இல்ல?"

"என் கைலேர்ந்தா? இந்த ஜென்மத்துல நடக்காது."

"நடந்தா?"

"நடந்தா உன் இஷ்டம். சிமெண்ட் போட்டுக்கோ, சாணி மெழுகிக்கோ. தோஷ்னிவால் வாக்கு."

மண்டியில் சேட்டு வாக்குக் கொடுத்தால் கையெழுத்துத் தேவையில்லை. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். பாபிசா தாளை மடித்து மருமகளிடம் கொடுத்தார். கொடுத்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். பூனை பால்பாத்திரத்தைப் பார்க்கிற பார்வை.

அடுத்த வாரமே பிகானேரிலிருந்து சம்பந்தி ஹுலாஸ்மல் வருவதாகத் தகவல் வந்தது. சேட்டின் மகளைத் தன் மகனுக்குக் கட்டிவைத்த மனிதர். அப்பள வியாபாரி, நல்ல பெருத்த சரீரம். கல்யாணச் சாப்பாடு மண்டபத்தோடு முடிந்துவிட்டதால், இந்த வீட்டில் அவர் உட்காரும் முதல் சாப்பாடு இதுதான்.

எங்கள் மார்வாடில் சம்பந்திக்குச் சோறு போடுவது கிட்டத்தட்ட மல்யுத்தம். மனுஹார் என்று பெயர். வந்தவர் போதும் என்பார், தட்டை இரண்டு கையாலும் மூடுவார். வீட்டுக்காரர் விடக் கூடாது. கெஞ்சி, அதட்டி, ஆணையிட்டு, தேவைப்பட்டால் வாயிலேயே திணிக்க வேண்டும். போதும் என்ற சொல்லைக் கேட்டதும் கரண்டியைப் பின்னால் இழுத்தால் அதைவிடக் கேவலம் கிடையாது. பெண் வாழப்போன வீட்டில் பத்து வருஷத்துக்கு அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

சேட்டு இரண்டு நாள் தூங்கவில்லை. பட்டியலை அவரே போட்டார். அப்பளம், லட்டு, கம்பு ரொட்டி, பூந்தி. உருண்டால் உருளுமே தவிர ஒழுகாத சாமான்களாகப் பார்த்துப் பார்த்து எழுதினார். பாபிசா எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார்.

"ஒண்ணே ஒண்ணுதான். சம்பந்தி போன்ல பேசினார். உங்க கையால கடீ சாப்பிடணும், அதுக்காகத்தான் வர்றேன்னார். இல்லைன்னு சொல்லட்டுமா?"

சொல்ல முடியுமா? சேட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நீ சமையலறைக் கதவுக்குப் பின்னால நில்லு. பொடி, பட்டை, ஈரத்துணி எல்லாம் தயாரா இருக்கட்டும். ஏதாவது விழுந்தா அவ பார்க்கிறதுக்குள்ள வரணும்."

"சம்பந்தி பார்ப்பாரே சேட்ஜி?"

"பார்க்கட்டும். தீயணைப்பு வண்டியைப் பார்த்து யாராவது கோவிச்சுக்கறாங்களா?"

அந்த மதியம் கதவிடுக்கில் கண்ணை வைத்து நின்றேன். என் பக்கத்திலேயே பாபிசா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அடுப்பிலிருந்து இறக்கிய கடீயைக் கிளறிக்கொண்டிருந்தார். பெருங்காய வாசனையில் எனக்கே வாயூறியது.

"நீங்க என்னமோ பண்ணப் போறீங்க பாபிசா," என்றேன்.

"நான் ஒண்ணும் பண்ணமாட்டேன். கடீ வைக்கப் போறேன், அவ்வளவுதான். மிச்சத்தை ஆம்பளைங்க பார்த்துப்பாங்க."

முதல் கிண்ணத்தையும் இரண்டாவது கிண்ணத்தையும் மருமகள்தான் ஊற்றினாள். சேட்டு அவள் கரண்டியின் அடியைப் பார்த்துக்கொண்டே லட்டை நீட்டி நீட்டி உபசரித்தார். ஹுலாஸ்மல் நாலு லட்டை உள்ளே தள்ளிவிட்டு மீசையைத் துடைத்தார்.

"என்ன சம்பந்தி, உலர்ந்த சாமானாவே தர்றீங்க? நான் என்ன ரயில்ல எடுத்துட்டுப் போகவா கேட்டேன்? ரெண்டு கிண்ணம் உங்க மருமகப் பொண்ணு ஊத்தினா. மூணாவது உங்க கையால. இல்லைன்னா எழுந்திருக்கமாட்டேன்."

சொல்லிவிட்டு, வழக்கப்படி, கிண்ணத்தை இரண்டு உள்ளங்கையாலும் மூடிக்கொண்டார்!

சேட்டு கரண்டியை எடுத்தார். நிறையக் கடீ. இடது கையைக் குவித்துக் கரண்டிக்குக் கீழே பிடித்துக்கொண்டார்.

"கையை எடுங்க சம்பந்தி."

"போதும் போதும்."

"எடுங்கன்னா. என் மேல ஆணை."

"வயிறு வெடிச்சிடும் சம்பந்தி, போதும்."

"அப்ப... போதுமா?" என்று கேட்டுவிட்டார் சேட்டு.

மனுஹாரில் அந்தக் கேள்வி கிடையாது. எந்த மார்வாடியும் கேட்கக் கூடாத கேள்வி. ஹுலாஸ்மல் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாக இறங்கியது. சேட்டுக்கும் தன் வாயிலிருந்து வந்தது காதில் விழுந்துவிட்டது. பாவம், அவருக்கு வியர்த்துக் கொட்டியது. ஒரு பக்கம் மகள் வாழ்கிற வீடு, ஒரு பக்கம் பன்னிரண்டு கல். கண்ணை மூடிக்கொண்டு ஊற்றிவிட்டார்.

கொதிக்கக் கொதிக்கக் கடீ விரல்மேல் விழுந்ததும் ஹுலாஸ்மல் "அட ராமா" என்று கையை உதறினார். கிண்ணம் கவிழ்ந்தது. மேசை ஓரமாக மஞ்சள் ஆறு ஓடி, நாலாவது கல்லின் நட்டநடுவில் சொட்ட ஆரம்பித்தது. நான் பொடியோடும் துணியோடும் பாய்ந்துபோய்க் குப்புற விழுந்து துடைத்தேன்.

"கிண்ணத்தைக் கவுத்தது நீங்க!" என்றார் சேட்டு.

"கரண்டி யார் கையில இருக்கு?" என்றார் ஹுலாஸ்மல். பிறகு குனிந்து என்னைப் பார்த்தார். "இது யாரு? எங்கேர்ந்து முளைச்சான்?"

"தரை... பாலிஷ் பண்றவன்," என்றார் சேட்டு.

"நான் சாப்பிடும்போது கதவுக்குப் பின்னால பாலிஷ்காரனை நிறுத்தி வெச்சீங்களா? என் விரல் வெந்தது. அதைக் கேக்கலை. கல்லைத் துடைக்கிறீங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சேட்டு பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பார். பாபிசா தண்ணீரும் நெய்யும் கொண்டுவந்து சம்பந்தி பக்கத்தில் வைத்தார். சேட்டு தானே நெய்யைத் தொட்டு ஹுலாஸ்மல் விரல்களில் தடவினார். எனக்கும் வெட்கமாக இருந்தது. துணியை மறைத்துக்கொண்டேன்.

ஹுலாஸ்மல் மனசு பெரிசு. விரலை ஊதிக்கொண்டே கிண்ணத்தை நிமிர்த்தி வைத்து, மறுபடி இரண்டு கையாலும் மூடினார்.

"கெட்டது கெட்டாச்சு. இப்ப ஊத்துங்க பார்ப்போம், பயமில்லாம."

சேட்டு ஊற்றினார். இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினார். அதில் பாதி தரைக்குப் போனது. துடைக்கலாமா என்று நான் பார்த்தேன். கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

வாக்கு வாக்குதான். அடுத்த மாதம் பன்னிரண்டு கல்லையும் மூலை உடையாமல் நானே பெயர்த்து எடுத்தேன். கான்கிரீட் கொட்டி, நாலு வாரம் ஈரச்சாக்கு போட்டு நனைத்து, பிறகு இயந்திரம் வைத்துத் தேய்த்தேன். சேட்டு வாசலில் நின்று "ரோடு போடறான், ரோடு. டோல்கேட் எப்ப வைப்பே?" என்று தினம் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போவார். ஆனால் தேய்க்கத் தேய்க்க அது மழைக்கு முந்தின வானத்தின் நிறத்துக்கு வந்தபோது, யாரும் இல்லையென்று நினைத்துக் காலைத் துடைத்துவிட்டு அதன்மேல் நடந்து பார்த்ததை நான் பார்த்தேன்.

முதல் மதியச் சாப்பாட்டுக்கு எனக்கும் பெஞ்ச் ஓரத்தில் தட்டு போட்டார் பாபிசா. மேசையில் கடீ, கேர் சாங்கிரி என்கிற எங்கள் பாலைநிலக் காய் வதக்கல், மிளகாய் ஊறுகாய், மோர், எல்லாம் தளும்பத் தளும்ப. விளக்கு தட்டுகளின் மேல் தாழ்வாக எரிந்தது. சேட்டு பழக்கதோஷத்தில் கீழே பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. மருமகள் கைக்குக் கீழே பார்த்தார், என் கைக்குக் கீழே பார்த்தார். பிறகு அவர் கண் வேறு வழியில்லாமல் தன் தட்டுக்கு வந்து நின்றது. பாபிசா கடீப் பாத்திரத்தோடு நின்றிருந்தார்.

சேட்டு ஒரு வாய் கடீயை எடுத்து நாக்கில் உருட்டினார்.

"பெருங்காயம் அதிகம்."

இன்னொரு வாய் எடுத்தார். "கேர் சாங்கிரில உப்பு பத்தலை. ரொட்டி ஒரு பக்கம் கருகியிருக்கு. ஊறுகாய்ல எண்ணெய் நாள்பட்ட வாசனை. நீ எப்பவும் இப்படித்தான் பண்ணுவியா?"

"ஏழு வருஷமா இந்த அறையில சாப்பிட்டீங்களே! அப்ப தெரியலையா?"

"சாப்பிட்டேனா?" சேட்டு நிஜமாகவே யோசித்தார். "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லையே. அது சரி, கடீல வெந்தயம் யார் போடச் சொன்னது?"

பாபிசா பாத்திரத்தை நங்கென்று வைத்துவிட்டு சமையலறைக்குள் போனார். பயந்துபோய் நானும் தட்டோடு பின்னால் போனேன். அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

"யாக்கூப் பாய். அந்த வெள்ளைக் கல்லெல்லாம் இன்னும் கிடங்குலதானே இருக்கு?"

"இல்லை பாபிசா. காலைலயே லாரி ஏத்தியாச்சு. ஹுலாஸ்மல்ஜி தன் வீட்டுக்கு வேணும்னு கேட்டு வாங்கிக்கிட்டார்."

"போயிடுச்சா? நல்லவேளை. இருந்திருந்தா இன்னிக்கே திருப்பிப் பதிக்கச் சொல்லியிருப்பேன்."

சாப்பாட்டு அறையிலிருந்து சேட்டு குரல் கொடுத்தார். உப்பு வேண்டுமாம், அப்படியே கடீயும் இன்னும் ரெண்டு கரண்டி வேண்டுமாம். பாபிசா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பெருங்காயம் அதிகமாம்," என்று என்னிடம் சொல்லிவிட்டு, உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு போனார்.