முதல் பந்தி

ஏட்டு எபினேசருக்குக் குருமூர்த்தியைக் கண்டால் வயிறு எரியும். இருவரும் ஒன்றாகப் போலீஸ் பயிற்சிக்குப் போனவர்கள், ஒன்றாக ஏட்டு ஆனவர்கள். இப்போது ஓசூரில் ஆளுக்கொரு ரோந்து வண்டி. ஆள் பற்றாக்குறையில் டிரைவரும் அவர்களே. எல்லாம் சரிக்குச் சரி. மதியச் சோறு மட்டும் தினமும் குருமூர்த்திக்கு முதலில் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

இரண்டு வண்டிகளும் ஒரே நேரத்தில் சாப்பிடப் போகக் கூடாது. ஒருவர் சாப்பிடும்போது மற்றவர் இரண்டு பேருடைய எல்லையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வயர்லெஸ் மைக்கில் கூப்பிட்டால் அவர்தான் ஓட வேண்டும். முதலில் போவதற்கு முதல் பந்தி என்றும் பிறகு போவதற்கு இரண்டாம் பந்தி என்றும் ஸ்டேஷனில் பெயர். முதல் பந்திக்காரர் வீட்டுக்குப் போய் ஆவி பறக்கக் களி சாப்பிடலாம். இரண்டாம் பந்திக்காரரின் டிபன் பாக்ஸில் சாம்பார் அதற்குள் வாடை பிடித்துவிடும். யாருக்கு எந்தப் பந்தி என்று சொல்வது கன்ட்ரோல் ரூமில் மைக் பிடிக்கும் சரிதா. அவள் குருமூர்த்தியைக் "குருண்ணா" என்பாள், எபினேசரை "ஏட்டய்யா" என்பாள். மரியாதைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் அந்த அண்ணா ஒருநாளும் தன் பெயரோடு வந்து ஒட்டாதது எபினேசருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அன்றைக்கு அவருக்கு முதல் பந்தி கிடைத்தே ஆக வேண்டும். மகள் ரூபிக்குப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. மதியம் பள்ளிக்கூடத்தில் விழா. போன வருஷமும் பரிசு வாங்கினாள், பந்தோபஸ்து என்று அவர் போகவில்லை.

"இந்தத் தடவையாவது வருவியாப்பா?" என்று காலையில் அவர் ஷூவுக்குப் பாலிஷ் போடும்போது கேட்டாள். பைபிள் மேல் சத்தியம் செய்யாத குறையாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். சரிதாவிடமும் சொல்லி வைத்தார். அவளும் சரியென்றாள்.

மதியம் மைக்கை எடுக்கப் போனால், அதற்குள் அதில் குருமூர்த்தியின் குரல்.

"சரிதாம்மா, சுகர் எறங்கிப் போச்சு, கையெல்லாம் நடுங்குது. ஒரு வாய் தின்னுட்டு வந்துடறேன்."

"போய்ட்டு வாங்க குருண்ணா. ஏட்டய்யா, நீங்க கொஞ்சம் லைன்ல இருங்க. அவர் வந்ததும் ஸ்கூலுக்குக் கெளம்பிடுங்க."

ஒரு வாயாம்! பெண்டாட்டி மாதேஸ்வரி கோழிக்குழம்பு வைத்த நாளில் ஒரு வாயோடு எழுந்து வருகிற புருஷனா அவன்? சர்க்கரை வியாதிகூட அந்த ஆளுக்குத் தோதாகத்தான் வந்து வாய்த்திருக்கிறது. எபினேசர் சிப்காட் ஓரத்தில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு பொருமினார். பள்ளிக்கூடம் அடுத்த திருப்பத்தில்தான். ஆனாலும் போக முடியாது. அவன் வாயில் மண் விழ என்று மனதுக்குள் திட்டினார். இயேசப்பாவிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்ட கையோடு மறுபடியும் திட்டினார்.

மைக் கரகரத்தது. "ஏட்டய்யா, ஒரு தகராறு. லாரியும் வேனும் ஒரசிக்கிட்டு ரோடே பிளாக்காம்..."

அவள் இடத்தைச் சொல்வதற்குள் எபினேசரின் வாய் முந்திக்கொண்டது.

"நான் பாகலூர்ல இருக்கறேன்மா. வர்றதுக்கு நேரமாவும். குருவையே அனுப்பிடு."

வண்டியின் ஜிபிஎஸ் கெட்டுப்போய் நாளாகிவிட்டது. அந்தத் தைரியம்தான்.

"இதோ கெளம்பிட்டேன்" என்ற குருமூர்த்தியின் குரலில் வாய் நிறையச் சோறு இருந்தது. பாதிக் களியில் எழுந்து ஓடுகிறவனை நினைக்க நினைக்க எபினேசருக்குச் சாப்பிடாமலே வயிறு நிறைந்தது.

"எந்த எடம்மா?" என்று குருமூர்த்தியே கேட்டான்.

"நம்ம ஏட்டய்யா பொண்ணு படிக்கற ஸ்கூல்ணா. கேட்டுக்கு நேராவே நிக்குதாம்."

எபினேசரின் கை மைக்கின் மேல் பாய்ந்து அப்படியே நின்றுவிட்டது. பாகலூரில் இருப்பவன் அடுத்த நிமிஷமே பள்ளி வாசலில் போய் எப்படி நிற்பது?

"ஏட்டய்யா, பாகலூர்லதான இருக்கறீங்க? அங்க சந்தைல ஏதோ சலசலப்பாம். ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுங்க."

"சரிம்மா" என்பதைத் தவிர அவரால் என்ன சொல்ல முடியும்? பள்ளிக்கூடத்துப் பின்சந்து வழியாகத்தான் பாகலூருக்குப் போனார். ஒலிபெருக்கியில் கடவுள் வாழ்த்து பாடிக்கொண்டிருந்தார்கள். முழுசாகக் கேட்கக்கூட வண்டியை நிறுத்தவில்லை.

சந்தையில் ஒரு சலசலப்பும் இல்லை. தக்காளிக் கூடைக்காக இரண்டு பேர் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஏசிவிட்டு எப்போதோ போய்விட்டிருந்தார்கள். திரும்பி வந்து வண்டியில் உட்கார்ந்ததும் மனைவி டெல்சி அனுப்பிய படம் போனில் வந்தது. வழி அடைபட்டதால் சிறப்பு விருந்தினர் வந்து சேரவில்லை போலிருக்கிறது. வழியைச் சரிசெய்த போலீஸ்காரரையே மேடையில் ஏற்றிவிட்டார்கள். ரூபி கேடயத்தை வாங்குகிறாள், கொடுக்கிறவன் குருமூர்த்தி. காக்கிச் சட்டையில் குழம்பு சிந்தியிருந்தது. அந்தப் பல்லிளிப்பைப் பார்த்ததும் எபினேசருக்கு அடிவயிற்றிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது. தான் நிற்க வேண்டிய இடம் அது.

போன் அடித்தது. ரூபிதான்.

"அப்பா, குரு அங்கிள் கையால பரிசு வாங்குனேன்! நீ பாகலூர்ல மாட்டிக்கிட்டியாம். உன்னால வர முடியலன்னுதான் அவர அனுப்பி வச்சியாமே? மேடையிலயே சொன்னாரு. எல்லாரும் கை தட்டுனாங்கப்பா."

எபினேசர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ஆமா கண்ணு. நான்தான் அனுப்புனேன்."

மதியத்திலிருந்து அவர் சொன்னதில் பொய்யில்லாதது அது ஒன்றுதான்.