வால் முன்னே வந்த குதிரை

ஒரு மேஜை மின்விசிறியின் வயிற்றைப் பிரித்துப் போட்டுவிட்டு, உள்ளே அப்பியிருந்த தூசியை அவர் தூரிகையால் தட்டிக்கொண்டிருந்தபோது மனைவி கடைக்கே வந்து அந்தச் சேதியைச் சொன்னாள்.

"கோடை விழாக்காரங்க போன் பண்ணாங்க. இது இருபத்தஞ்சாவது வருஷமாம். பழைய குதிரை ஒரே ஒரு தடவை வரணுமாம்."

"குதிரைன்னா முன்கால் வேணாமா?" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

"அண்ணன் சரின்னுட்டாருங்க."

தூரிகை நின்றுவிட்டது. ஒன்பது வருஷமாக இவருடைய முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசாத மனிதர், யாரோ கேட்டதும் சரி என்றாராம். அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் அலமாரியில் இருந்த திருகாணிகளைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டாள்.

ஊரில் அவரைப் பின்கால் என்றால்தான் தெரியும். மனைவியின் அண்ணனான மச்சானை முன்கால் என்பார்கள். ஆற்றோரத் திடலில் பள்ளிக்கூட விடுமுறையின்போது நான்கு கூடாரங்கள் எழும்பும். ஒன்றில் பாட்டு, ஒன்றில் நடனம், ஒன்றில் நாடகம், எல்லாவற்றிலும் பெரியதில் சர்க்கஸ். சர்க்கஸில் ஊஞ்சல்காரர்களுக்கு வலை கட்ட ஏழு நிமிஷம் பிடிக்கும். அந்த ஏழு நிமிஷமும் ஜனங்கள் எழுந்து போகாமல் இருக்க, ஒரு துணிக்குதிரை உள்ளே வந்து கோணங்கித்தனம் செய்யும். முன்னால் நிமிர்ந்து நிற்பவர் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதிரையின் வாய் வழியாக வெளியே பார்ப்பார். பின்னால் நிற்பவர் இடுப்பை மடித்துக் குனிந்து, முன்னவரின் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, சொன்ன இடத்தில் காலை வைப்பார். பதினாறு கோடைகள் இப்படியே ஓடின. முன்கால் அந்தக் கலகலப்பில்தான் தன் தங்கையை இவருக்குக் கட்டிக்கொடுத்தது. வெளியே மச்சான், மாப்பிள்ளை என்று ஏக மரியாதை நடக்கும். குதிரைக்குள் போய்விட்டால் வாடா போடாதான்.

அந்தப் பதினாறு கோடைகளிலும் பின்கால் ஒரு நிகழ்ச்சியையும் பார்த்ததில்லை. அவர் பார்த்ததெல்லாம் மச்சானின் தோல் பட்டையும் தரையில் கிடந்த மரத்தூளும்தான். ஆனால் காதுக்கு அப்படி ஒரு விருந்து கிடைத்தது. பக்கத்துக் கூடாரத்தில் யாரோ வயலினுக்குச் சுருதி கூட்டுவார்கள். நாடகக்காரர்கள் அழுகிற வசனத்தைச் சிரித்துக்கொண்டே ஒப்பிப்பார்கள். நடனப் பெண்கள் பலகையில் குதிப்பது அவருடைய பாதம் வரைக்கும் அதிரும். கடையில் மோட்டார் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் இப்போதும் சில சமயம் அதெல்லாம் கேட்கும். அப்போது வேலையை அப்படியே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். வாடிக்கையாளர்கள் கணக்குப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சண்டைக்குக் காரணம் கைதட்டல். ஆட்டம் முடிந்ததும் முன்கால் தலையைக் கழற்றிவிட்டு வணக்கம் சொல்வார். பின்கால் உள்ளேயே குனிந்திருக்க வேண்டும் என்பது வழக்கம். கடைசி வருஷம் மகள் பள்ளித் தோழிகளோடு வந்திருந்தாள். ஒரு தடவையாவது அப்பா முகத்தை அவர்கள் பார்க்கட்டுமே என்று இவருக்கு ஆசை. யாரிடமும் சொல்லாமல் நடுத்தையலைப் பிளேடால் பிரித்துவைத்தார். உள்ளே குனிந்திருப்பவனுக்குக் கைதட்டல்தான் கடிகாரம். கைதட்டல் கூரையைப் பிளந்ததும், முடிந்துவிட்டது என்று நிமிர்ந்து நின்று கும்பிட்டார். ஆனால் அந்தக் கைதட்டல் குதிரை நாற்காலியில் உட்கார்ந்ததற்காக. ஆட்டத்தில் இன்னும் பாதி இருந்தது. இது தெரியாத முன்கால் எழுந்து, பின்னால் வெறும் துணி இழுபட, அரைக்குதிரையாக ஒரு முழுச் சுற்று சுற்றிவந்தார். அந்தச் சிரிப்பு மாதிரி ஒரு சிரிப்பை அந்தக் கூடாரம் கேட்டதில்லை. உடை மாற்றும் இடத்தில் அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "இனிமே உங்க காலை நீங்க பாத்துக்குங்க, என் காலை நான் பாத்துக்கறேன்."

அதன் பிறகு விசேஷங்களில்கூட, "உன் வீட்டுக்காரரைச் சாப்பிடச் சொல்லும்மா" என்று தங்கை வழியாகத்தான் பேச்சு. கோபம் என்னவோ எப்போதோ வடிந்துவிட்டது. யார் முதலில் வாயைத் திறப்பது என்பது மட்டும்தான் பாக்கி. பின்காலுக்கு மன்னிப்புக் கேட்க ஒன்பது வருஷமாகத் தொண்டை வரை வந்து நிற்கிறது. இந்தத் தடவையும் கேட்காவிட்டால் இனி எப்போதும் கேட்கமுடியாது என்று அவருக்குத் தெரிந்தது.

மதியம் மூன்று மணிக்கு ஆட்டம். காலையிலேயே ஒத்திகைக்குப் போனார். தையல்காரம்மா குதிரையை வெயிலில் காயவைத்து, ஒட்டுப்போட்டு, கண்ணுக்குப் புதுப் பொத்தான் வைத்திருந்தாள். முன்கால் தங்கையின் தோளில் கைவைத்தபடி வந்தார். ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். முதுகு இன்னும் அளவுகோல்தான்.

"வாங்க மச்சான்" என்றார் பின்கால்.

முன்கால் அவருடைய காதுக்குப் பின்னால் எதையோ பார்த்துத் தலையாட்டினார். முகத்தைப் பார்க்கக்கூட மனசு வரவில்லை பார், என்று இவருக்குச் சுருக்கென்றது. தொண்டையில் நின்றது மறுபடியும் கீழே இறங்கிவிட்டது.

குதிரைக்குள் போனார்கள். அதே பசை வாடை, அதே இருட்டு, அதே தோல் பட்டை. பழைய நாட்களில் முன்கால் ஓயாமல் சொல்லிக்கொண்டே போவார்: இடது, நில்லு, பள்ளம், திரும்பு. இன்று ஒரு சத்தமும் இல்லை. நாலு அடி நேராக நடந்தார். ஐந்தாவது அடியில் வட்டத்தின் வெள்ளைக்கோடு பின்காலின் மூக்குக்குக் கீழே போயிற்று. முன்னால் இரும்புக் கம்பம் ஒன்று நின்றதை வரும்போதே அவர் பார்த்திருந்தார். பட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். குதிரை தடுமாறி நின்றது.

"மச்சான், கம்பம்."

"தெரியும்."

"என்ன தெரியும்? இன்னும் ஒரு அடி வச்சிருந்தா மூஞ்சி பேந்திருக்கும்."

முன்கால் கையை நீட்டிக் கம்பத்தைத் துழாவுவது பட்டையைப் பிடித்திருந்த விரல்களுக்குத் தெரிந்தது. தோளில் கைவைத்து வந்ததும், காதுக்குப் பின்னால் பார்த்ததும் அப்போதுதான் இவருக்கு உறைத்தது.

"எத்தனை நாளா?" என்று மெல்லக் கேட்டார்.

"ரெண்டு வருஷம். வெளிச்சம் தெரியும். ஆள் தெரியாது. உன் பொண்டாட்டிக்கு மட்டும்தான் தெரியும். சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன்."

"அப்புறம் எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?"

"வீட்ல சுவத்தைத் தடவிக்கிட்டு நடக்கிறேன்டா. இங்கன்னா நீ பிடிச்சுப்பே."

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு காதில் விழுந்த அந்த 'டா' பின்காலை உலுக்கிவிட்டது. குனிந்தபடியே இருந்ததால் கண்ணீர் கன்னத்துக்கு வராமல் நேராக மரத்தூளில் சொட்டியது. "அன்னிக்கு நான் தையலைப் பிரிச்சது தப்புடா" என்றார். 

"தப்புதான்" என்றது முன்கால். "அதே பிளேடு இருக்கா?"

"எதுக்கு?"

"வாலுக்குக் கீழே ஒரு ஓட்டை போடு. நீ திரும்பி நில்லு. நீ முன்னால போ, நான் பின்னால வர்றேன்."

தையல்காரம்மா முதலில் திட்டினாள். பிறகு அவளே கத்தரியை எடுத்துக்கொண்டு வந்தாள். பின்கால் திரும்பி நின்று குனிந்து, கைகளைப் பின்னால் நீட்டிப் பட்டையைப் பற்றிக்கொண்டார். முழங்கால் இப்போது வால் பக்கமாக மடங்கியது. தள்ளி நின்று பார்த்த தையல்காரம்மா இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான்யா பின்கால் குதிரைக்கு மடங்கற மாதிரி மடங்குது!"

மூன்று மணிக்குத் திரை விலகியது. ஊஞ்சல்காரர்கள் வலையை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். பக்கத்துக் கூடாரத்தில் யாரோ வயலினுக்குச் சுருதி கூட்டினார்கள். மேளக்காரர் ஒரு தட்டுத் தட்டினார். குதிரை வாலை முன்னே நீட்டிக்கொண்டு, தலை வந்த வழியைப் பார்த்தபடி உள்ளே நுழைந்தது. ஒன்றும் புரியாமல் ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு மூலையில் புறப்பட்ட சிரிப்பு நாலு பக்கமும் பரவியது.

பின்கால் ஓட்டையில் கண்ணை வைத்தார். மரத்தூள் மட்டுமே கண்டிருந்த மனிதருக்கு முன்னால், ஓட்டையளவு வட்டத்துக்குள், வரிசை வரிசையாக முகங்கள் இருந்தன.

முதுகோடு முதுகு உரச, பின்னாலிருந்து கேட்டது: "என்னடா தெரியுது?"

"முன் வரிசையில ஒருத்தர் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கறாரு. ஒரு அம்மா, கைக்குழந்தையைத் தூக்கிக் காட்றாங்க."

"ம்."

"உன் தங்கச்சி ரெண்டாவது வரிசையில. முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு..."

"அழறாளா, சிரிக்கிறாளா?"

பின்கால் ஓட்டையில் கண்ணை இன்னும் நெருக்கமாக வைத்துப் பார்த்தார். "ரெண்டும்டா."

"சரி, அப்புறம்? சொல்லிக்கிட்டே போ" என்றது முன்கால்.

குதிரை பின்பக்கமாகவே இன்னொரு அடி எடுத்துவைத்தது.