தகப்பன் பெயர்க் கட்டம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யை எழுதியவர் வேட்டைநாய் வளர்க்கும் ஒரு பெரியவர். அவர் வீட்டு நாய் வம்சப் பதிவேட்டில் நான்கு தலைமுறையாக ஓர் அடித்தல் கிடையாது. அதே கையெழுத்தில்தான் இதையும் எழுதுகிறேன். ஆம், பெரியவர் நான்தான். 'நான்' என்று எழுதினால் முதுகு வளைகிறது; 'அவர்' என்றே போகட்டும்.

2

முதல் தொடக்கம்: செவலை ஓடினால் காற்றே... [வேண்டாம். நாய் விற்கிறவன் பேச்சு.]

இரண்டாவது: நல்ல நாயை அவர் வேகத்தில் பார்ப்பதில்லை. ஈரமண்ணில் மெல்ல ஓடவிட்டு, பிறகு குனிந்து தடத்தைப் பார்ப்பார். முன்னங்கால் பதிந்த குழியிலேயே பின்னங்கால் வந்து இறங்க வேண்டும். தோளும் இடுப்பும் ஒத்துப்போனால்தான் அது நடக்கும். இல்லாவிட்டால் இரண்டே வருடத்தில் நாய் நொண்டும்.

3

கருப்பன் அவருடைய பெருமை. அந்த ரத்தத்தில் வெளிரத்தம் கலக்கக் கூடாதென்று கருப்பனை அதன் மகளோடு சேர்த்தார், பிறகு பேத்தியோடும். தலை அழகாக வந்தது. தடம் விலகியது. மூன்று ஈற்றுகளில் பாதிக் குட்டிகள் நொண்டின. நொண்டியவற்றைக் கொல்ல ஊசி போடும்போது பெரியவரின் மகள்தான் அவற்றை மடியில் வைத்துக்கொண்டாள். (இந்த வரியை இரண்டு முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.)

நான்காம் ஈற்றில் செவலை பிறந்தது. அது வளர்ந்து ஓடியபோது நான்கு காலுக்கு இரண்டே தடம். பெரியவர் பதிவேட்டைத் திறந்து, தகப்பன் பெயர்க் கட்டத்தில் 'கருப்பன்' என்று எழுதினார்.

"கருப்பனா? வாட்ச்மேன் நாய் வேலி தாண்டி வந்தப்ப நீங்கதானேப்பா பக்கெட்டைத் தூக்கி அடிச்சீங்க?" என்றாள் மகள்.

"வாயை மூடு. நம்ம வீட்டுப் புத்தகத்துல வாட்ச்மேன் நாய்க்கு இடமில்ல."

"அதோட காலுக்கு மட்டும் இடமிருக்கு போல."

4

நேற்று சம்பந்தி வந்தார். அவரும் நாய் வளர்ப்பவர். செவலையின் தடத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன சம்பந்தி, நாய்க்குக் காலு நாலா, ரெண்டா?" பிறகு பதிவேட்டைப் பார்த்தார். "கருப்பனை அது ரத்தத்துலயே சேர்த்தா இப்படி வருமா! அது மகளுங்க மூணு என்கிட்ட இருக்கே. நாளைக்கு வண்டி அனுப்பறேன், கருப்பனை ஏத்தி விடுங்க."

பெரியவர் தலையாட்டினார்.

சம்பந்தி போனதும் மகள் கேட்டாள்: "அங்க யாருப்பா மடியில வெச்சுக்குவாங்க?"

5

முடிவு ஒன்று: கருப்பன் வண்டியில் ஏறுகிறது. பதிவேடு சுத்தமாக இருக்கிறது. [எழுதிப் பார்த்தேன். அழகாகத்தான் வந்தது, கருப்பன் குட்டிகளின் தலையைப் போல.]

முடிவு இரண்டு: அவர் 'கருப்பன்' மேல் கோடு போட்டு, பக்கத்தில்... [வாட்ச்மேன் நாயின் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை.]

6

இதுவரை எழுதிவிட்டு வாசல் கேட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் பதறி எழுந்தார்.

"இனிமே கட்டிப் போட்டுடறேங்கய்யா."

"நாய் பேரு என்னன்னு கேட்டேன்."

சொன்னார்.

அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதற்குரிய இடம் வேறு. வண்டிச் சத்தம் கேட்கிறது. பேனா கையில் இருக்கிறது. பிறகு என்ன நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். எப்போதாவது இந்த வீட்டுக்கு நாய் கேட்டு வந்தால், செவலையின் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் அடித்தல் இல்லையென்றால் திரும்பிப் போய்விடுங்கள்.