சம்பந்தி தலைமேல் பூமழை

காரிலிருந்து இரண்டு கூடை சாமந்தி இறங்கியதைப் பார்த்ததுமே அருணகிரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆரணிக்கு வெளியே, வற்றிய ஏரியில் மாடல் விமானம் விடும் கிளப் அது. தலைவர், பட்டுக்கடை குமரேசன். அவர் கடையில் பாவு நூல் வாங்கிப் பட்டு நெய்கிற அருணகிரிதான் பாதுகாப்புப் பொறுப்பாளர். போன வருடம் ஒரு விமானம் கைமீறிப் போய், வேர்க்கடலை விற்ற தனகோடியின் தோளைக் கிழித்தது. அன்றைக்கு, இனி அருணகிரி கூடாதென்றால் யாரும் பறக்கவிடக் கூடாது என்று எல்லோர் முன்னாலும் அறிவித்தவர் குமரேசன்.

இன்று குமரேசனின் கலசப்பாக்கத்துச் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேல் குமரேசனின் விமானம் தாழப் பறந்து பூக்கொட்ட வேண்டுமாம்.

ஆட்களுக்கு மேல் பறக்கக் கூடாது என்பதுதான் பலகையில் முதல் விதி. போதாததற்கு அருணகிரி அந்த விமானத்தைச் சோதித்தபோது, ரிமோட்டை அணைத்தும் மோட்டார் நிற்கவில்லை. சிக்னல் அறுந்தால் தானாக அடங்க வேண்டிய மோட்டார்!

"ஒரே ரவுண்டு. ஜல்தியா முடிச்சிடலாம்," என்றார் குமரேசன்.

அருணகிரி விமானத்தைத் தடுப்புக் கயிற்றுக்கு அப்பால் வைத்து, வால்பக்கம் இருவரைப் பிடிக்கச் சொன்னான். சம்பந்தியைக் கயிற்றருகே கூப்பிட்டான். மோட்டாரை ஓடவிட்டு, அவர் கண்ணெதிரே ரிமோட்டை அணைத்தான். விசிறி இன்னும் வேகமாக உறுமியது. அதன் காற்றில் பின்னால் இருந்த கூடை ஒன்று கவிழ்ந்து சாமந்தி மண்ணில் சிதறியது.

சம்பந்தி தன் மனைவியின் கையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். "இதுவா எங்க தலைமேல?"

அருணகிரி பேட்டரியைக் கழற்றி, விசிறியைத் திருகி எடுத்துப் பையில் போட்டான்.

குமரேசன் முகம் சிவந்து பக்கத்தில் வந்தார். "சம்பந்தி எதிர்ல மானத்த வாங்கிட்டியே. திங்கக்கிழம பாவு கேட்டுகினு கடைப்பக்கம் வந்துடாத."

அருணகிரி வீட்டில் இரண்டு தறி. இரண்டிலும் அவர் கொடுத்த பாவு. அருணகிரி பையை இழுத்து மூடினான்.

"தறி காலியா கெடந்தா நான் வேற கடை தேடிக்குவேன். சம்பந்தி மண்ட பொளந்திருந்தா நீங்க எங்க போய்த் தேடுவீங்க?"

கிளப் நோட்டைத் திறந்தான். 'குமரேசன், இன்று பறக்கத் தடை' என்று எழுதிப் பேனாவை நீட்டினான். தடை வாங்கியவர் கையெழுத்திட வேண்டும் என்பதும் விதி.

"போடுங்க, முதலாளி."

குமரேசன் திரும்பிப் பார்த்தார். கயிற்றுக்கு அப்பால் சம்பந்தி நகராமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குமரேசன் பேனாவைப் பிடுங்கினார். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.