கூ ஹேரின் ஏன் ராஜினாமா செய்யவில்லை?

1

இந்தக் கதைக்குக் காரணம் நானில்லை. என் வாரப் பத்திரிகையின் ஆசிரியர்.

போன வாரம் கூப்பிட்டார். கொலை வேண்டாம் என்றார். கடத்தலும் வேண்டாமாம். "கல்யாணமான படிச்ச பொம்பளைங்க வேலையை விடுறதைப் பத்தி எல்லாரும் எழுதியாச்சு. விடாம இருக்காங்களே, அவங்க ஏன் இருக்காங்க? அதை எழுதுங்க."

மாட்டிக்கொண்டேன். ஒருத்தி ஒரு காரியத்தைச் செய்தால் அதற்கு நோக்கம் தேடிக் கண்டுபிடிப்பது என் பிழைப்பு. செய்யாமலே இருந்தால் எங்கே போய்த் தேடுவது?

நல்லவேளை, சாங்வொன் நகரத்தில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் எதிர்வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள். கூ ஹேரின். பொறியியலில் முனைவர் பட்டம், ஒரு கணவன், முதல் வகுப்பில் தாவோன் என்று ஒரு மகள். விஷயத்தைச் சொன்னதும், "எழுதுங்க, ஆனா என்னை அழ வைக்காதீங்க" என்று அனுமதி கொடுத்தாள்.

உடனே ஆரம்பித்தேன்:

சாங்வொன் நகரத்தின் மேல் இரவு ஒரு கறுப்புப் போர்வையைப் போல

(அடித்துவிட்டேன். நடந்ததெல்லாம் பட்டப்பகலில்.)

அவளுடைய இரண்டு கைகளும் முழங்கைவரை சிவந்திருந்தன. அதைத் துடைக்க

(இதையும். அது கிம்ச்சி ஊறுகாய்க்கான மிளகாய் விழுது. பழக்கதோஷம், மன்னிக்கவும்.)

2

சரி, துப்பறியும் முறைப்படியே போவோம். அவளை வேலையில் பிடித்து வைத்திருப்பது யார்? சந்தேகத்துக்குரியவர்களை வரிசையில் நிறுத்துகிறேன்.

பணமா? கணவன் கியுதே கப்பல் கட்டும் தளத்தில் வடிவமைப்பாளன். அவன் சம்பளத்திலேயே வண்டி ஓடும். பதவி ஆசையா? இரண்டு வருடமாக அவளைத் தாண்டி மற்றவர்கள்தான் மேலே போகிறார்கள். மாமியார் கொடுமையா? கோஜே தீவில் இருக்கும் அந்த அம்மாள் மாதம் ஒரு முறை உலர்ந்த நெத்திலி அனுப்புவதோடு சரி.

கியுதேயைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். எடுபடவில்லை. சாப்பிட்ட பாத்திரத்தை எல்லாம் அவன்தான் கழுவி வைக்கிறான்.

மிஞ்சியது ஒரு முனகல்.

ஹேரினின் வேலை, சலவை இயந்திரங்கள் போடும் சத்தத்தைக் குறைப்பது. அடுத்து விற்பனைக்கு வரப்போகும் இயந்திரம் துணியைச் சுற்றிப் பிழிந்து, நிற்பதற்குச் சற்று முன்னால், ஒரு முனகல் முனகுகிறது. கொசு ஒன்று யோசனையில் ஆழ்ந்த மாதிரி. வாங்குகிறவர்கள் யார் காதிலும் விழாது என்று மேலதிகாரி விட்டுவிட்டார். ஹேரின் காதில் விழுந்துவிட்டதே! உருளையை மாற்றினாள், தாங்கியை மாற்றினாள், அடிக்கட்டையைக்கூட மாற்றினாள். முனகல் போகவில்லை.

இந்த நேரத்தில் மார்ச் வந்தது. எங்கள் ஊரில் மார்ச் என்றால் பள்ளிக்கூடம் திறக்கும் மாதம். முதல் வகுப்புப் பிள்ளைகளை மத்தியானமே வெளியே விட்டுவிடுவார்கள். ஹேரினோடு வேலைக்குச் சேர்ந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக ஏதாவது ஒரு மார்ச்சில் மேசையைக் காலிசெய்துகொண்டு போனவர்கள்தான்.

கியுதே நல்ல மனதோடுதான் சொன்னான்: "ஓட்டிப் பாப்போம். ஏதாவது ஒண்ணு ஏடாகூடமா ஆச்சுன்னா, நம்ம ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் வீட்ல இருந்துடலாம்."*

சரி என்றாள். ஆக, ஒரே ஒரு அசம்பாவிதம் போதும், அவள் கதை முடிந்தது.

(*"யாராவது ஒருத்தர்" என்றால் யார் என்பது அந்த வீட்டு மீன்தொட்டிக்குக்கூடத் தெரியும்.)

3

ஏற்பாடு எல்லோரும் செய்வதுதான். பள்ளி வாசலிலிருந்து டேக்வாண்டோ பயிற்சிக்கூடத்தின் மஞ்சள் வேன் பிள்ளையை அள்ளிக்கொண்டு போகும். மாஸ்டர் உதைக்கச் சொல்லித்தருவார், தின்பண்டம் கொடுப்பார், ஷூ லேஸ் கட்டிவிடுவார், சாயங்காலம் வீட்டில் கொண்டுவந்து விடுவார். இங்கே வேலைக்குப் போகும் தாய்மார்களைத் தாங்கிப் பிடிப்பது சட்டமா, இந்த மாஸ்டர்களா என்று ஒரு கட்டுரையே எழுதலாம். (இதில் வேண்டாம்.)

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் ஹேரின் ஒலிபுகா அறைக்குள் இருந்தாள். உள்ளே கைபேசிக்கு அனுமதி இல்லை. கனத்த கதவை மூடிவிட்டால் தன் ரத்தம் ஓடுவது தனக்கே கேட்கும். முனகல் வரும் திசை அன்றுதான் கொஞ்சம் பிடிபடுகிற மாதிரி இருந்தது.

வெளியே வந்து கைபேசியை எடுத்தாள். டேக்வாண்டோ மாஸ்டரிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். கடைசியில் ஒரு செய்தி: "தாவோன் அம்மா, தாவோன் இன்னைக்கு லீவா? வேன்ல ஏறலையே."

தாவோன் லீவில்லை.

(இந்த வரிக்காகத்தானே இத்தனை நேரம் காத்திருந்தேன்! கறுப்புக் கார், முகமூடி எல்லாம் பேனா முனையில் துடிக்கின்றன. ஆனால் ஆசிரியர் கடத்தல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.)

பள்ளிக்குப் போன் போட்டு விசாரித்தாள். பிள்ளை வாசலைத் தாண்டியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு பார்த்தவர் யாருமில்லை. வீட்டுத் தொலைபேசி அடித்து ஓய்ந்தது. ஆய்வக அங்கியைக் கழற்றக்கூட நேரமில்லாமல் காரை நோக்கி ஓடினாள். ஓடும்போதே வாய் மேலதிகாரியிடம் சொல்லவேண்டிய வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது: மன்னிக்கணும் சார், நான் இந்த மாசத்தோட

(பாதியில் நின்றது அவளேதான். நான் வெட்டவில்லை.)

கைபேசி ஒலித்தது. ஒரு புகைப்படம். அனுப்பியவள் தாவோனுக்குப் பக்கத்து இருக்கைப் பையனின் அம்மா. முன்பு வங்கியில் இருந்து, ஒரு மார்ச்சில் விட்டவள். வகுப்புத் தாய்மார்களின் குழுவில் ஹேரினோடு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. கீழே எழுதியிருந்தாள்: "இது உங்க தாவோன்தானே? எங்க பையன் கூட எங்க டேக்வாண்டோல இருக்கா."

வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் ஸ்கிப்பிங் கயிறோடு நிற்கிறார்கள். முதல் வரிசையில், முன்பல் இல்லாத வாயை அகலத் திறந்து சிரித்துக்கொண்டு, தாவோன்.

4

மர்மம் அவிழ்ந்தது. எல்லா வேனும் மஞ்சள். எல்லாச் சீருடையும் வெள்ளை. பக்கத்து இருக்கைப் பையன் ஏறிய வேனில் இவளும் ஏறிவிட்டாள். ஏன் யாரும் கேட்கவில்லை? மார்ச் மாதம் பயிற்சிக்கூடங்கள் ஆள் பிடிக்கும் மாதம். சேர்ந்த பிள்ளைகள் தோழர்களைக் கூட்டிவந்தால் ஒருநாள் பயிற்சி இலவசம், ஸ்கிப்பிங் கயிறு பரிசு. தலை ஒன்று கூடுதலாக இருந்ததில் அந்த மாஸ்டருக்கு ஒரே மகிழ்ச்சி.

ஹேரின் போய் நின்றதும் தாவோன் முகம் சுளித்தாள். "ஏம்மா இப்பவே வந்த? எனக்கு இன்னும் கயிறு தரலை."

காருக்கு வந்து உட்கார்ந்து, ஹேரின் கொஞ்சம் அழுதாள். (வாக்கு கொடுத்திருந்தேன். ஆனால் நடந்ததை என்ன செய்வது? ஒரே வரியில் முடித்துவிட்டேன்.)

5

சேதி கோஜே தீவுக்கு எப்படிப் போனதோ, சாயங்காலம் மாமியார் கூப்பிட்டார். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். புதுக் கயிற்றோடு கூடத்தில் குதிக்கிறாள் என்றாள் ஹேரின்.

"அவளே குதிச்சிட்டிருக்கா, நீ எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"வேலையை விடணுமோன்னு இருக்கு அத்தை."

"விட்டுட்டு? வீட்ல இருந்தேன்னா சாக்ஸ் எங்க சாக்ஸ் எங்கன்னே உன் புருஷன் உன் உயிரை எடுத்துருவான். நான் பட்டது போதாதா?"

இரவுச் சாப்பாடு. சோயாவிழுதுக் குழம்பு கொதித்து அடங்கிக்கொண்டிருந்தது. கியுதே கேட்டான்: "எனக்கு ஏன் யாரும் கூப்பிடலை?"

ஹேரின் நிமிர்ந்தாள்.

"அவசரத்துக்கு என் நம்பர்தானே முதல்ல குடுத்திருந்தோம். பள்ளிக்கூடமும் கூப்பிடலை, மாஸ்டரும் கூப்பிடலை. நான் சும்மா கம்ப்யூட்டர் முன்னாடிதான் உக்காந்திருந்தேன்."

கேள்வியிலேயே பதில் இருந்தது: யார் நம்பர் முதலில் இருந்தாலும் எல்லோரும் கூப்பிடுவது அம்மாவைத்தான். அவள் குழம்பை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"யாராவது ஒருத்தர்னு சொன்னீங்கள்ல?"

"ஆமா."

"நான் வீட்ல இருக்க முடியாதுங்க. அந்த முனகல் எங்கேர்ந்து வருதுன்னு இன்னும் தெரியலை."

நியாயம், உரிமை, சமத்துவம் என்று எதுவும் சொல்லவில்லை. நான் எழுதியிருந்தால் அரைப் பக்கம் பேச வைத்திருப்பேன். கியுதே ஸ்பூனைக் கீழே வைத்தான். வாயைத் திறந்தான்.

6

இங்கே நிறுத்துகிறேன். அவன் என்ன சொன்னான் என்பதற்கு என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

ஒன்று: மறுநாள் அலுவலகத்தில் குழந்தை வளர்ப்பு விடுப்பு கேட்கிறான். மேலதிகாரி பதறிப்போய், "வீட்டம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்கிறார்.

இரண்டு: வங்கியை விட்டவளிடம் இருவரும் போய்ப் பேசுகிறார்கள். வேன் ஏறும்வரை அவள் பார்த்துக்கொள்வாள். ஞாயிறுகளில் அவள் பையனுக்குக் கியுதே கணக்கு சொல்லித்தருவான்.

மூன்று: தாவோனை அந்தக் கயிறு கொடுத்த கூடத்திலேயே சேர்த்துவிடுகிறார்கள். அவ்வளவுதான்.

பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் கலந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. எதை எடுத்தாலும் மறுநாள் காலையில் ஹேரின் கைபேசியை வெளியே இருக்கும் உதவியாளரிடம் கொடுத்து, "அடிச்சா கதவைத் தட்டுங்க" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கனத்த கதவை இழுத்து மூடுகிறாள்.

இதுவரை எழுதியதை நேற்று அவளிடம் காட்டினேன். லிஃப்டுக்குக் காத்திருந்த நேரத்தில் படித்து முடித்தாள். அழுத வரியை ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்: "கொசு மாதிரின்னு எழுதியிருக்கீங்க. அது இன்னும் கொஞ்சம் கீழ் சுருதி." லிஃப்ட் வந்து, கதவு திறந்து, மூடிப் போய்விட்டது. அவள் கவனிக்கவில்லை. அந்தச் சுருதியைத் தொண்டைக்குள் முனகி எனக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

வாசகர்களில் பொறியாளர்கள் இருப்பீர்கள். முனகல் எங்கிருந்து வருகிறதென்று இந்நேரம் உங்களில் யாருக்காவது பிடிபட்டிருக்கலாம்.

தயவுசெய்து அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.