எப்படித் தெரியும்?

"உங்கள் மகளைக் கண் கலங்காமல் வைத்துக்கொள்வேன்" என்று, என்னைப் பெண் கேட்டு இவர் எழுதிய கடிதத்தில் இருந்த வரிக்குக் கீழே அப்பா பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் "எப்படித் தெரியும்?" என்று எழுதியிருந்தார். இவர் அதைப் படித்தபோது இடுப்புக்கு மேல்தான் வெளியே தெரிந்தார். லிஃப்டை இரண்டு மாடிகளுக்கு நடுவே நிறுத்திவிட்டு, அதன் கூரைமேல் நின்று பழுது பார்த்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ் என்பதால் காகிதத்தை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனிதருக்குக் காது மடல் சிவந்துபோயிற்று. "நான் என்ன ஜோசியரா? இதை எப்படிங்க நிரூபிக்கிறது?" என்றார். அப்போதெல்லாம் எனக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்.

அப்பாவுக்கு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. இழப்பீடு கேட்டு வருகிற மனுக்களைப் படித்து, கொடுக்கலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். கடை எரிந்தது, கார் கவிழ்ந்தது, குழாய் வெடித்து வீடு நனைந்தது என்று ஊராரின் துயரமெல்லாம் அவர் மேஜைக்கு எழுத்தாக வரும். கண்ணீர் விடுகிற மனுவும் ஒன்றுதான், சாபம் விடுகிற மனுவும் ஒன்றுதான் அவருக்கு. "வயித்து வலின்னாக்கூட இந்த மனுஷன்கிட்ட சாட்சியோடதான் போகணும்" என்பாள் அம்மா. இவர் பெண் கேட்டு வந்த அன்று அப்பா மரியாதையாக உட்காரவைத்து, டீ கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நேர்ல பேசினா முகத்தைப் பார்த்து மயங்கிடுவோம். எழுதிக் குடுங்க."

அப்படி ஒருமுறை மயங்கியதன் பலன் எங்கள் வீட்டிலேயே இருந்தது. அக்காவுக்குப் பார்த்த மாப்பிள்ளையை எல்லோரும் தங்கம் என்றார்கள். விசாரித்த இடத்திலெல்லாம் தங்கம்தான். கல்யாணமான இரண்டாம் வருடம் அக்கா ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். பிறகுதான் அப்பா நூல் பிடித்துப் பார்த்தார். தங்கம் என்று சொன்னவர்கள் அத்தனை பேரும் மாப்பிள்ளையின் மாமா ஒருவர் வாயிலிருந்து கேட்டுத்தான் சொல்லியிருந்தார்கள். "அஞ்சு சாட்சின்னு நினைச்சேன். ஒரே சாட்சி, அஞ்சு வாய்" என்று அம்மாவிடம் சொன்னார். அதற்குமேல் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. புகுந்த வீட்டில் என்ன நடந்தது என்று அக்காவிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதுதான் அன்பு என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அவளும் காலையில் துணிக்கடை வேலைக்குப் போவாள், மாலையில் வந்து சமையலறைக்குள் புகுந்துகொள்வாள்.

இவர் இரண்டாவது கடிதத்தைக் கோப்பு மாதிரி தயாரித்தார். பயிற்சிச் சான்றிதழ், ஒருநாளும் லீவு போடாததற்குக் கம்பெனி கொடுத்த பாராட்டு, மேலாளரின் கையெழுத்து, எல்லாம் இருந்தன. ஆதாரம்தானே கேட்டார், இந்தா பிடி என்று நானும் பெருமையாகக் கொண்டுவந்து கொடுத்தேன். அப்பா சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பொறுமையாகப் படித்தார்.

"நல்ல வேலைக்காரர்னு நல்லாவே நிரூபிச்சிருக்கார். சந்தேகமே இல்லை" என்றார்.

"அப்புறம் என்னப்பா?"

"நல்ல வேலைக்காரன் நல்ல புருஷனா இருப்பான்னு இதுல எங்க இருக்கு? இங்கேர்ந்து அங்க போக நடுவுல பாலம் வேணும்ல? இவர் தாண்டிக் குதிச்சிருக்கார்."

"மாப்பிள்ளை தேடுறீங்களா, கேஸ் நடத்துறீங்களா?" என்றாள் அம்மா.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "அவரை நம்ப வேண்டாம். என்னை நம்ப மாட்டீங்களா? நான் சொல்றேன்ல, நல்லவர்னு!"

"உங்க அக்காவும் சரின்னுதான் சொன்னா. அவளை நம்பித்தானே..."

சமையலறையில் அக்கா திறந்துவிட்டிருந்த குழாய் நின்றது. அப்பா காகிதங்களை அடுக்கி வைத்தார். அம்மா மேஜையை, துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். அன்றிரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள். "உன் லிஃப்ட்காரரை நான் பார்க்கணும்டி" என்றாள். மதிய இடைவேளையில் பஸ் நிறுத்தத்துப் பின்னால் இருந்த சின்னப் பூங்காவில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"உங்களுக்குக் கோபம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"எனக்கு அவ்வளவா கோபம் வராதுங்க."

"கடைசியா எப்ப வந்துச்சு?"

இவர் என்னைப் பார்த்தார். நான் செடியைப் பார்த்தேன். பிறகு மெதுவாகச் சொன்னார். கூட வேலை செய்கிறவர், லிஃப்ட் குழிக்குள் ஆள் இருப்பது தெரியாமல் மின்சாரத்தைப் போட்டுவிட்டாராம். இவர் கெட்ட வார்த்தை சொல்லிக் கத்தி, கையிலிருந்த ஸ்பேனரைச் சுவரில் எறிந்தாராம். சாயங்காலம் அவர் வீடுவரை போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாராம்.

"இதை எழுதுங்க" என்றாள் அக்கா.

"ஐயோ, இதை எழுதினா உள்ளதும் போயிடுமே!"

"நல்லதை மட்டும் சொன்னவங்க வீட்லதான் நான் இருந்துட்டு வந்திருக்கேன்."

அக்கா இன்னும் என்னென்னவோ கேட்டாள். எனக்குக் கேட்கத் தோன்றாத கேள்விகள், காதலிக்கிறவளுக்குத் தோன்றாத கேள்விகள். அவள் எதை எதைக் கேட்கிறாள் என்பதிலிருந்து அந்த இரண்டு வருடங்களை அன்றுதான் நான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது கடிதம் ஒரு பக்கம்கூட வரவில்லை. 'கண் கலங்காமல் வைத்துக்கொள்வேன் என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. கோபம் வந்தால் கத்துவேன். ஒருமுறை பொருளை எறிந்திருக்கிறேன். மனிதர்மேல் கை ஓங்கியதில்லை. தப்பு என்று தெரிந்தால் மன்னிப்புக் கேட்பேன். நான் கத்தியது யாரைப் பார்த்தோ அவரும், என்னோடு ஒரே வீட்டில் வளர்ந்த என் தங்கையும் இதைச் சொல்லக்கூடும். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். நான் இல்லாதபோது போய்க் கேளுங்கள்.' கீழே இரண்டு முகவரிகள்.

அப்பா பென்சிலைக் கையில் எடுத்தார். கடைசிவரை படித்துவிட்டு, எங்கும் கோடு போடாமல் கீழே வைத்தார்.

இதெல்லாம் நடந்து எத்தனையோ காலமாகிவிட்டது. அப்பா இப்போது இல்லை. இவருக்கு முட்டி வலி, லிஃப்ட் கூரைமேல் ஏறுவதை விட்டு நாளாயிற்று. நான் கண் கலங்கியதில்லை என்று சொன்னால் அது பொய். இவர் கத்தியிருக்கிறார், நானும் விட்டுக்கொடுக்காமல் கத்தியிருக்கிறேன். மழை பெய்கிற சாயங்காலங்களில், பேச ஒன்றுமில்லாமல் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கும்போது, எனக்கு நினைவு வருவது கல்யாண நாளல்ல. அதற்கு முந்தைய ஒரு விடுமுறை நாள்தான்.

அன்று அப்பா காலையிலேயே பஸ் பிடித்துப் போனார். இரண்டு முகவரிகளுக்கும் போய்விட்டு, வெயில் சாயும் நேரத்தில் திரும்பினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன்.

"கூட வேலை செய்றவர் கடிதத்துல இருக்கிறதையேதான் சொன்னார். அந்தத் தங்கச்சிப் பொண்ணு இருக்கே, அண்ணனைப் பத்தி ஒரே குறை" என்றார். "பிடிவாதக்காரன், ஈரத் துண்டைக் கட்டில்ல போடுவான், சொன்னா கேக்க மாட்டான்னு மூச்சு விடாம சொல்லுச்சு. நடுவுல அண்ணனே வந்துட்டார், எதையோ எடுக்க. அது நிறுத்தலை. அவர் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே மிச்சத்தையும் சொல்லுச்சு." தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "பயமே இல்லைம்மா அதுகிட்ட. கொஞ்சம்கூட இல்லை."

"அப்ப சரிங்கிறீங்களா?" என்றாள் அம்மா.

"சரி" என்றார்.

அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் அழுதேனா சிரித்தேனா, ஞாபகமில்லை. நிமிர்ந்தபோது அப்பா அங்கே இல்லை. பால்கனியில் அக்கா காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்து அவள் பக்கத்தில் போய் நின்றார். ஏதோ கேட்டார். கதவு தானாகச் சாத்திக்கொண்டதால் என்ன கேட்டார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அக்கா ஒரு தலையணை உறையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வெகுநேரம் தெருவைப் பார்த்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். அப்பா கூடையிலிருந்த ஒரு துண்டை எடுத்து மடித்தார். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அவர் அதை மறுபடி மடித்தார், மறுபடியும், இனி மடிக்க முடியாத அளவுக்கு அது சின்னதாகும்வரை.